‘வச்சுக்க மாப்ள’ என்று கொடுத்த கிட்டார்

1

ஊரில் இருக்கிற சொந்தபந்தங்களுக்கு வணக்கம். அம்மன் கிருபையில் நாங்கள் மூவரும் இங்கே சௌக்கியம்.

இந்த வருஷ ஆயுத பூஜையைச் சாந்தி வேலை முடிந்து வந்த பிறகு, சாயங்காலம்தான் கும்பிட்டோம். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், சாந்தி என் மனைவி. இங்கே அயர்லாந்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் சம்பாத்தியத்தில்தான் இந்தக் குடும்பம் இந்த நாட்டுக்கு வந்தது, அதைச் சொல்வதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. பொரி கிடைக்காது. இங்கத்து ஆட்கள் காலையில் பாலில் போட்டுச் சாப்பிடுகிற அரிசிப் பொரியை வாங்கி, அதில் பொட்டுக்கடலையைக் கலந்து வைத்தோம். அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

சாந்தி தன் ஸ்டெதாஸ்கோப்பைக் கொண்டுவந்து சாமி முன்னால் வைத்தாள். மகள் கணக்குப் புத்தகத்தையும் பள்ளிக்கூட டேப்லெட்டையும் வைத்தாள். அடுத்து என் முறை. அங்கேதான் வருஷா வருஷம் எனக்கு இடிக்கும். நான் ஒரு ரொட்டித் தொழிற்சாலையில் தட்டு ஏற்றி இறக்குகிறவன். என் வேலைக்கு என்று இருக்கிற சாமான் முன்பக்கம் இரும்பு வைத்த பூட்ஸ். செருப்பைச் சாமி முன்னால் வைக்க முடியுமா? ஒரு தடவை தலைமுடிக்குப் போடுகிற வலையைத் துவைத்து மடித்து வைத்தேன். "ஏங்க, ஆத்தாளுக்குக் கொண்டை வலையா சாத்துறீக?" என்று சாந்தி சிரித்த சிரிப்பில் சூடம் அணைந்துவிட்டது.

இந்தத் தடவை வெறும் கையோடு நின்றேன்.

"அப்பா, இந்தியாவுல நீங்க என்ன வைப்பீங்க?" என்று கேட்டாள் மகள்.

"கிட்டார். ரெண்டு கிட்டார் இருந்துச்சு. ரெண்டுக்கும் சந்தனம் வச்சு மாலை போடுவேன்."

அவள் அம்மாவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "நீங்களா? கிட்டாரா?" என்று கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். நான் ஜோக் சொல்கிறேன் என்று நினைத்திருக்கிறாள்.

என் பிள்ளைக்கு என்னைத் தெரியவில்லை.

அவள் பெயர் கௌமாரி. வீரபாண்டி கௌமாரி ஆத்தாளிடம் தீச்சட்டி எடுக்கிறேன் என்று வேண்டிப் பெற்ற பிள்ளை. வீட்டில் மாரி. பள்ளிக்கூடத்தில் சேர்த்த முதல் நாளே டீச்சர் அதை மேரி ஆக்கிவிட்டார். திருத்தலாம் என்று போனேன். "நோ மேரி, மாரி" என்றேன். "யெஸ், மேரி" என்றார். இரண்டும் ஒரே தாய்தானே என்று நானும் திரும்பி வந்துவிட்டேன். இன்றைக்கு வீட்டில் மாரி என்று கூப்பிட்டால் இரண்டாம் தடவைதான் திரும்பிப் பார்க்கிறாள்.

2

ஓடைப்பட்டியில் எங்களுக்குத் திராட்சைத் தோட்டம். நான் பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன். கம்பத்தில் ஒரு மாஸ்டரிடம் கிட்டார் படிக்கப் போனபோது அப்பா சொன்னது: "ஏலே, கம்பிதான் கட்டணும்னா நம்ம பந்தல்ல கட்டுலே. அங்கன கெடக்கு ஒரு ஏக்கர் கம்பி." ஆனால் முதன்முதலாக எங்கள் ஊர்த் திருவிழாவில் மேடையேறியபோது முன்வரிசையில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தவரும் அவர்தான்.

கம்பம் பள்ளத்தாக்கு முழுவதும் எங்கள் மெல்லிசைக் குழு போயிருக்கிறது. போடி, சின்னமனூர், கூடலூர், அந்தப் பக்கம் குமுளி தாண்டியும் உண்டு. என்னிடம் இருந்தது இரண்டு கிட்டார்கள். ஒன்று சிவப்பு நிறக் கரண்ட் கிட்டார். மதுரையில் பழைய சாமான் கடையில் வாங்கியது. பாட்டுக்கு நடுவில் தனியாக வாசிக்க வேண்டிய இடம் வரும்போது அதை எடுப்பேன். பெட்டியில் சொருகி முதல் கம்பியைத் தொட்டால் மரத்தடியில் தூங்குகிறவனும் எழுந்து உட்காருவான்.

மற்றொன்றைக் குழுவில் எல்லோரும் குமுளிக் கிட்டார் என்பார்கள். குமுளியில் வயதான ஒரு சேட்டன் இருந்தார். ஒருகாலத்தில் தேயிலைத் தோட்டத்து கிளப்பில் வாசித்தவர். விரலில் வாதம் வந்து வாசிக்க முடியாமல் போனதும் எனக்குக் கொடுத்தார். "இது கிட்டாரல்ல மோனே, வயலின்டெ சேட்டனா" என்றார். வயலினுக்கு அண்ணனாம். பார்த்தால் அப்படித்தான் இருக்கும். சாதாரணக் கிட்டாரின் முகம் பலகை போல மட்டமாக இருக்கும், நடுவில் வட்டமாக ஓர் ஓட்டை இருக்கும். இதன் முகம் நடுவில் மேடு கட்டி, ஓரத்தில் சரிந்து இறங்கும். தடித்த ஒரே மரத்தை உள்ளேயும் வெளியேயும் குடைந்து குடைந்து அந்த மேட்டைக் கொண்டுவந்திருக்கிறார்கள். வட்ட ஓட்டைக்குப் பதில் வயலினில் இருப்பது போல இரண்டு பக்கமும் நீளமான வளைவுகள். கம்பியைத் தாங்குகிற கட்டையைக்கூட ஒட்டியிருக்க மாட்டார்கள். கம்பி அழுத்துகிற அழுத்தத்திலேயே அது தன் இடத்தில் நிற்கும்.

அதன் சத்தத்தை எப்படிச் சொல்வது? நீட்டி முழக்காது. அடித்ததும் ஒரு வார்த்தை பேசிவிட்டு நிறுத்திக்கொள்ளும். கூட்டத்தில் ஓரமாக உட்கார்ந்திருக்கிற பெரிய மனுஷர் ஒரே ஒரு வார்த்தை சொன்னதும் எல்லோரும் அடங்குவார்கள் அல்லவா, அப்படி. அம்மன் பாட்டுகளுக்கு அதைத்தான் எடுப்பேன். வெயில் படாமல், பனி படாமல், பட்டுத்துணி போர்த்தி வைப்பேன். என் குழந்தை தொட்டிலில் கிடந்தபோது அதற்குப் போர்த்தியதும் அதே துணியில் மிச்சம்தான்.

குழுவில் எனக்குப் பின்னால் உட்கார்ந்து தபேலாவும் ரிதம் பேடும் வாசித்தவன் பாண்டி. ஆண்டிபட்டிக்காரன். அங்கேயே மைக் செட் கடை வைத்திருக்கிறான். எங்களுக்குள் இரத்த சம்பந்தம் எதுவும் கிடையாது, ஆனால் பார்த்த நாளிலிருந்து மாப்ள, மாப்ள என்றுதான் பேச்சு.

3

சாந்திக்கு இங்கே வேலை கிடைத்ததும் நான் அவளைச் சார்ந்தவனாக விசா வாங்கினேன். பெட்டிகளுக்கு எடை உண்டு. கிட்டாரை ஏற்றினால் பிள்ளையின் துணிமணியை இறக்க வேண்டும். அதைவிட, புது வாழ்க்கைக்குப் போகிறோம், அங்கே போய் எல்லாம் வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு நினைப்பு. புத்தி அப்படிப் போனது.

சிவப்புக் கிட்டாரைக் கம்பத்தில் இசை வகுப்பு நடத்துகிற ஒருவர் வாங்கிக்கொண்டார். குமுளிக் கிட்டாரை எடுத்துக்கொண்டு ஆண்டிபட்டிக்குப் போனேன். பாண்டி வீட்டில் நடந்ததை அப்படியே சொல்கிறேன். துணியோடு அவன் கையில் கொடுத்து, "நீயே வச்சுக்க மாப்ள" என்றேன். எங்கள் பக்கம் பிரியமான பொருளை விற்றேன் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. மாட்டை விற்றால்கூடப் பிடித்துக் கொடுத்தோம் என்றுதான் சொல்வார்கள். அவன் உள்ளே போய், ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், அதன்மேல் ரூபாய் வைத்துக் கொண்டுவந்து நீட்டினான். நான் எண்ணாமல் வாங்கிக்கொண்டேன். பஸ்ஸில் வரும்போது வைகை அணை பக்கம் பார்த்தபடியே அழுதேன்.

இங்கே வந்து வேலை தேடப் போன இடத்தில் ஒரு அம்மாள் இருந்தார். ஊரில் என்ன தொழில் என்று கேட்டார். "லைட் மியூசிக்" என்றேன். நம் ஊரில் அப்படித்தானே சொல்வோம். அவர் லைட்டை மட்டும் பிடித்துக்கொண்டார். "எலக்ட்ரீஷியனா? சர்டிபிகேட் இருக்கா?" என்று கேட்டார். இல்லை, கிட்டார் என்று கையைக் காற்றில் ஆட்டிக் காட்டினேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, "ஓ, மாப்பிங்" என்றார். தரை துடைக்கிறவன் என்று எழுதிக்கொண்டார். முதல் வேலை அதுதான் கிடைத்தது. பொய் சொல்லவில்லை, வேண்டுமானால் சாந்தியைக் கேளுங்கள்.

புதுக் கிட்டார் வாங்கவே இல்லை. முதலில் வாடகை, அப்புறம் பள்ளிக்கூடம், அப்புறம் இன்னொன்று. ஒரு நாள் சாந்தி என் இடது கையைப் பிடித்துப் பார்த்து, "விரல் நுனியெல்லாம் காய்ப்பு போயிருச்சு பாத்தீகளா, பூ மாதிரி இருக்கு" என்றாள். சந்தோஷமாகத்தான் சொன்னாள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

4

மறுபடி அந்த ஆயுத பூஜைக் கதைக்கு வருகிறேன். சிரித்து முடித்த மகள், "போட்டோ இருக்கா?" என்றாள். இருக்கிறது, ஆனால் எல்லாவற்றிலும் பாடுகிற அக்காவின் பட்டுச்சேலைக்குப் பின்னால் என் ஒரு காதும் கொஞ்சம் முடியும்தான் தெரியும். கிட்டார்காரன் நிற்கிற இடம் அது.

"எப்படி இருக்கும், சொல்லுங்க" என்று போனை எடுத்தாள். வயலின் மாதிரி ஓட்டை, மேடான முகம், இங்கே வரும்போது பாண்டி கையில் கொடுத்துவிட்டுப் பணம் வாங்கிக்கொண்டேன் என்றேன். கொஞ்ச நேரத்தில் திரையை என் பக்கம் திருப்பினாள். அச்சு அசல் என் குமுளிக் கிட்டார். சாந்தியே, "அடியாத்தே!" என்றாள்.

"அப்பா, இதுக்கு ஆர்ச்டாப்னு பேரு. இது ஸ்பெஷல் அப்பா. இதையா வித்தீங்க?"

வித்தீங்க என்ற சொல் என் வீட்டில் முதன்முதலாகச் சொல்லப்பட்டது அப்போதுதான். அவளுக்கு ஊர்ப் பேச்சின் ஒளிவுமறைவு தெரியாது. தெரிந்த சொல்லைச் சொன்னாள். அது வந்து நெஞ்சில் தைத்தது.

"எனக்கு நீங்க வாசிச்சுக் கேட்கணும்" என்றாள். நம்பினாளா, சோதிக்கிறாளா என்று தெரியவில்லை. ஆனால் ரொம்ப நாளைக்குப் பிறகு என் மகள் என்னிடம் ஒன்று கேட்டிருக்கிறாள். அதைச் செய்துவிட வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

கம்பத்துக்காரருக்குப் போன் போட்டேன். சிவப்புக் கிட்டார் கைமாறிக் கைமாறிக் கேரளாவுக்குள் போய்விட்டது, யாரிடம் என்று தெரியாது என்றார். அடுத்து பாண்டி.

"மாப்ள, அந்தக் குமுளிக் கிட்டாரு இப்ப யார்ட்ட இருக்கு?"

"யார்ட்ட இருக்கும்? இங்கனதான் இருக்கு. உனக்குன்னு ரெடி பண்ணி வச்சிருக்கேன். வந்து பாரு, அசந்துருவ."

"எனக்குத் திருப்பித் தருவியா மாப்ள? என்ன விலை சொன்னாலும்..."

அந்தப் பக்கம் கடையில் ஓடிக்கொண்டிருந்த பாட்டை அவன் பட்டென்று நிறுத்தினான்.

"என்னய்யா சொன்ன? விலையா? நீ எப்ப எனக்கு வித்த?"

"அன்னைக்கு நீ பணம் கொடுத்தியே மாப்ள."

"அது செய்மொறையா! சீமைக்குப் போறவன வெறுங்கையோட அனுப்புவாகளா? வெத்தலை பாக்குல வச்சில்ல குடுத்தேன். கிட்டாரு வாங்குறதுக்கு எந்தக் கிறுக்கன்யா வெத்தலை பாக்கு வைப்பான்? வச்சுக்கன்னு சொன்ன. நானும் வச்சிருக்கேன். வித்தானாம்ல! இதுக்கு நீ என்னைய செருப்பால அடிச்சிருக்கலாம்."

போனைக் கையில் வைத்துக்கொண்டு தொழிற்சாலை வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இத்தனை காலம் விற்றுவிட்டேன், விற்றுவிட்டேன் என்று உள்ளுக்குள் அழுததெல்லாம் எதற்கு? அந்தக் கிட்டார் ஒரு நாள்கூட வேறொருவருடையதாக இருந்ததில்லை. ஆத்தா, இது என்ன விளையாட்டு என்று வீரபாண்டி இருக்கிற திசை எது என்று தெரியாமலே ஒரு பக்கமாகக் கும்பிட்டேன்.

5

மார்கழியில் ஊருக்கு வந்தோம். சாந்தி ஓடைப்பட்டியில் தங்கிக்கொள்ள, நானும் மாரியும் ஆண்டிபட்டிக்குப் போனோம். அப்படியே மதுரைக்குப் போய் மீனாட்சியைக் கும்பிட்டுவிட்டு வருவதாகத் திட்டம்.

பாண்டிக்குத் தலை நரைத்துவிட்டது. கட்டிப்பிடித்துக்கொண்டான். "இதுதான் மருமகளா? என்னாத்தா, தமிழ் பேசுவியா, இல்ல நாங்க கையாட்டி ஜாடைலதான் பேசணுமா?" என்றான்.

"பேசுவேன் மாமா. மெதுவா பேசினா பேசுவேன்" என்றாள் மாரி.

"அது போதும்த்தா. இங்கன உன் அத்தைக்கு வேகமா மட்டும்தான் வரும்" என்று மனைவியைப் பார்த்துச் சொன்னான். முத்துலட்சுமி தங்கச்சி அவனை முறைத்துவிட்டு, உள்ளே போய்க் கிட்டாரைக் கொண்டுவந்தாள். புதுசாகத் தைத்த பை. மேலே சந்தனம், குங்குமம். மாரி போனை எடுத்துத் தயாராக நின்றாள்.

பையை வாங்கும்போதே எனக்கு ஏதோ உறுத்தியது. கனம். அந்தக் கிட்டார் காற்று மாதிரி இருக்கும். இது குழந்தையைத் தூக்குவது போல இருந்தது. ஜிப்பை இழுத்தேன்.

மேடு இல்லை.

முகம் மட்டமாக இருந்தது. தேக்குப் பலகை, பளபளவென்று வார்னிஷ். வயலின் வளைவுகள் இல்லை, நடுவில் வட்டமாக ஓர் ஓட்டை. கம்பி தாங்கும் கட்டையின் இரண்டு ஓரத்திலும் இரண்டு ஸ்க்ரூ. கழுத்து மட்டும் பழையது. நான் விரல் வைத்து வைத்துத் தேய்ந்த இடங்கள் அப்படியே இருந்தன. ஊரில் விட்டுப்போன ஒரு ஆளை வேறு முகத்தோடு பார்ப்பது போல இருந்தது.

"என்ன மாப்ள, எப்புடி இருக்கு?"

"மேடு... மேடு எங்க மாப்ள?"

"அதான் சரி பண்ணியாச்சுல்ல!" என்றான் பாண்டி. அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "நீ போனப்பறம் ஒரு ஐப்பசி அடைமழை. கடையில ஒரே ஒழுக்கு. பதறிப்போய் துணிய விலக்கிப் பாத்தா, வயிறு உப்பிக் கெடக்கு. எனக்கு ஈரக்கொலையே நடுங்கிருச்சு. நம்மள நம்பிக் குடுத்துட்டுப் போனானே, தண்ணி குடிச்சு வீங்கிப்போச்சேன்னு."

யோசித்துப் பார்த்தால் அவன் மேல் தப்பே இல்லை. மேடையில் எனக்குப் பின்னால் உட்கார்ந்து அவன் பார்த்ததெல்லாம் என் முதுகை. இறங்கினால் நான் துணி போர்த்திவிடுவேன். ஒரு நாளும் அதன் முகத்தை அவன் நின்று பார்த்ததில்லை.

"ஆசாரியக் கூட்டியாந்தேன்" என்றான். "பாத்ததுமே சொல்லிட்டாக, இது தண்ணி குடிச்ச மரம்னு. கதவு உப்புனா இழைக்கிறதில்லையா, அது மாதிரி இழைச்சுப் பாத்தாக. நடுவுல பொத்துக்கிச்சு. பாத்தா உள்ளுக்குள்ள குடைஞ்சு கெடக்கு. பூச்சி அரிச்சிருக்கு, இனி இது ஆவாதுன்னு சொன்னாக. நான் விடுவனா? என் மச்சினன் வீட்டு நெலவாசலுக்குப் போட்டது போக மிச்சத் தேக்கு இருந்துச்சு. வாசலுக்கு மஞ்சள் பூசிப் பூசை போட்ட மரம்யா! அதுலயே முகம் போட்டாச்சு. அந்தக் கட்டை வேற ஒட்டாம ஆடிக்கிட்டுக் கெடந்துச்சு. அதோட எப்படித்தான் வாசிச்சியோ. பசை போட்டு ஸ்க்ரூ முடுக்கியாச்சு. இனிமே உன் பேரன் காலத்துக்கும் அசையாது."

"தூங்கவேயில்லண்ணே இவுக" என்றாள் முத்துலட்சுமி. "ஆசாரி வேலை முடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்திருந்தாக. எங்க வீட்டு வாசலுக்குக்கூட இப்படி உக்காரல."

மாரி கிட்டாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் போனில் படம் பார்த்தவள். அவள் வாய் திறந்தது. "அப்பா, அந்த ரெண்டு ஹோல்..." என்று ஆரம்பித்தாள். அவளாகவே நிறுத்தினாள். பாண்டியைத் திரும்பிப் பார்த்தாள். அவன் சின்னப்பிள்ளை மார்க் அட்டையைக் காட்டிவிட்டு நிற்பது போல நின்றான்.

"தேக்குன்னா என்ன மாமா?" என்று கேட்டாள் மாரி.

"தேக்கு தெரியாதா? மரத்துலயே ராசாத்தா அது! தொட்டுப் பாரு."

அவள் தொட்டுப் பார்த்தாள். "நல்லா ஸ்மூத்தா இருக்கு மாமா" என்றாள்.

"வாசி மாப்ள" என்றான் பாண்டி. தபேலாவை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

உட்கார்ந்தேன். மடியில் வைத்தேன். விரல் நுனி பூவாகிவிட்டதால் கம்பி கத்தி மாதிரி வெட்டியது. நாங்கள் எந்த மேடையிலும் முதலில் வாசிக்கிற அம்மன் பாட்டின் ஆரம்பம். அடித்தேன். தேக்கு அசையவே இல்லை. கதவைத் தட்டுவது போல ஒரு சத்தம். மறுபடி அடித்தேன். மறுபடியும் கதவு. என் இடது கை மட்டும் எதையும் மறக்காமல் ஏறி இறங்கி ஓடிக்கொண்டிருந்தது. பாண்டி கண்ணை மூடிக்கொண்டு, தலையை ஆட்டி, கூடவே வாசித்தான். கண்ணோரம் ஈரம்.

பாட்டு முடிந்ததும் கண்ணைத் திறந்தான்.

"அதே சத்தம் மாப்ள. கொஞ்சங்கூட மாறல. இல்ல?"

சுவரில் வீரபாண்டி ஆத்தாள் படம். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போது நான் பொய் சொன்னதில்லை. மாரியும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதே சத்தம்தான் மாப்ள" என்றேன்.

6

மதுரை பஸ்ஸில் எங்களுக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. பாண்டி பிடிவாதமாகக் கிட்டாரைக் கொடுத்தனுப்பிவிட்டான். அவன் கையாட்டியபடி நின்ற மைக் செட் கடை கண்ணை விட்டு மறைகிற வரைக்கும் மாரியும் கையாட்டிக்கொண்டிருந்தாள்.

பிறகு, "பொய் சொன்னீங்க" என்றாள்.

"ஆமா."

"அது டெட் அப்பா. செத்துப் போச்சு. நல்ல சத்தமே இல்ல."

"ஆமாத்தா."

"மாமாக்குத் தெரிய வேணாம்" என்றாள். கேள்வியா, உத்தரவா என்று தெரியவில்லை. "நான் வீடியோ எடுக்கல. போட்டா யாராவது சொல்லிடுவாங்க." இதைப் படிக்கிற நீங்களும் பாண்டி காதில் போட்டுவிடாதீர்கள்.

நான் அவளைப் பார்த்தேன். இந்தப் பக்குவம் எங்கிருந்து வந்தது? யார் சொல்லிக் கொடுத்தது? இந்தப் பிள்ளை எங்கள் கையை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது என்று நானும் சாந்தியும் எத்தனை தடவை பேசியிருப்போம்.

"உங்க கை பார்த்தேன்" என்றாள். "லெஃப்ட் ஹாண்ட். ரொம்ப வேகம். நீங்க நிஜமாவே வாசிப்பீங்க."

வெளியே பார்த்தேன். வெயில் ஏறிய மானாவாரிக் காடுகள் ஓடின.

"அப்போ நிஜமான சத்தம் எப்படி இருக்கும்?" என்று கேட்டாள். "வாயால சொல்லுங்க."

இது ஒரு பெரிய காரியமா? எத்தனை ஒத்திகையில் வாயாலேயே கிட்டார் வாசித்திருக்கிறேன். வாயைத் திறந்தேன். எனக்கு வந்தது தேக்குச் சத்தம். திரும்ப முயன்றேன். அதே கதவு. காதுக்குள் அதைத் தவிர வேறெதுவும் இல்லை. கிட்டார் போனதுகூடப் பரவாயில்லை. அதன் சத்தம் எனக்குள் பத்திரமாக இருக்கிறது என்றுதான் இத்தனை நாள் ரொட்டித் தட்டுகளைத் தூக்கிக்கொண்டிருந்தேன். அது எப்போது போனது? இன்றைக்குத்தானா? போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டதா?

"அப்பா?"

"இருத்தா. ஒரு நிமிஷம்."

ஆத்தா, சொத்து சுகம் கேட்கவில்லை, இதை மட்டும் கொடு என்று கண்ணை மூடினேன். பையைத் திறக்காமலே, அதன்மேல் இடது கையை வைத்துப் பாட்டின் முதல் பிடியைப் பிடித்தேன். தொண்டையிலிருந்து "தும்" என்று ஒன்று வந்தது. அது இல்லை. "ஜக்" என்றேன். அதுவும் இல்லை. பல்லை லேசாகக் கடித்துக்கொண்டு மூக்கால் ஒரு தடவை. முன் சீட்டிலிருந்த பெரியவர் திரும்பிப் பார்த்தார்.

கண்டக்டர் வந்தார். "என்ன சார், ரேடியோ எதையும் முழுங்கிட்டீகளா? பைக்குத் தனியா லக்கேஜ் டிக்கெட் வாங்கணும், தெரியும்ல?"

"அவருக்கு ஒண்ணுமில்ல" என்றாள் மாரி. "எங்கப்பா கிட்டார் வாசிக்கிறவங்க. நினைச்சுக்கிட்டு இருக்காங்க. டிஸ்டர்ப் பண்ணாதீங்க."

பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர், "அப்ப நெனைக்கச் சொல்லும்மா, நெனைப்புக்கு டிக்கெட் கெடையாது" என்று சொல்லிவிட்டு, லக்கேஜுக்கு மட்டும் டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

பஸ் ஆண்டிபட்டிக் கணவாயில் ஏற ஆரம்பித்தது. கை பிடியை மாற்றியது. நான் மாற்றவில்லை, அதுவாக மாற்றியது. இரண்டாவது பிடி, மூன்றாவது பிடி. கை போகிற வழியில் பின்னாலேயே போனேன். எங்கேயோ ஓர் இடத்தில் தொண்டைக்குள் சின்னதாக ஒன்று, தொட்டால் நின்றுவிடும் போல, அசைந்தது. வாய்விட்டுச் சொன்னேன். இன்ஜின் இரைச்சலில் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"அதா?" என்றாள் மாரி.

"தெரியலத்தா. கிட்ட வந்துருக்கு."

அவள் முகத்தில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டு, சாய்ந்து, காதைக் கொண்டுவந்து என் வாயை ஒட்டி வைத்துக்கொண்டாள்.

"ம். மறுபடி சொல்லுங்க."